பன்னிரண்டுக்குள்

விதி ஒரே வரிதான்:
டிரான்ஸ்மிட்டரில் பன்னிரண்டு பாகங்களுக்கு மேல் கூடாது.
பேட்டரியும் மோர்ஸ் சாவியும் கணக்கில் இல்லை.
ஈயப் பற்று கணக்கா என்று போன வருஷம்
ஊர்போவும் சூலோவும் கையை ஓங்கும்வரை போனார்கள்.
இல்லை என்று முடிவாயிற்று.

எனக்குப் பகலில் தூக்கம், இரவில் சாலை.
காயானியிலிருந்து சோட்கமோ வரை
பனி ஒதுக்கும் வண்டி ஓட்டுகிறேன்.
காலை ஆறரைக்கு வீடு.
ஸ்டியரிங்கின் உதறல் விரல்களை விட்டு இறங்க
இரண்டு காபி.
அதற்கப்புறம்தான் பற்றவைக்க உட்காருவேன்.

முய்க்கு மீன் டப்பாதான் அடித்தட்டு.
மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும்
சூடு பட்டால் நாறும்.
அதன்மேல் பட்டாணி அளவில் ஒரு டிரான்சிஸ்டர்.
ஒரு படிகம்: ஏழாயிரத்து முப்பது கிலோஹெர்ட்ஸ் தவிர
வேறெதுவும் பேச வராத பிடிவாதக்காரி.
மோதிரம் போன்ற இரும்புத்தூள் வளையத்தில்
செம்புக் கம்பியை எண்ணிக்கொண்டே சுற்றினேன்.
பதினாலில் போன் அடித்தது.
அவிழ்த்து, மறுபடி ஒன்றிலிருந்து.

வடிகட்டிக்கே ஐந்து போய்விட்டது.
அதில் கைவைக்க முடியாது.
அது இல்லாவிட்டால் என் குரல்
அடுத்தவர் அலைவரிசையிலும் புகுந்து எச்சில் பண்ணும்.

காகிதத்தில் எழுதிக் கூட்டினேன். பதின்மூன்று.
கீழிருந்து மேலாகக் கூட்டினேன்.
பதின்மூன்று.

ஜீனர் டயோடு வெளியே போனான்.
மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்துகிறவன்.
அவன் இல்லாமலும் வேலை நடக்கும்;
ஆனால் சாவியை அழுத்தும்போதெல்லாம்
பேட்டரி ஒரு நொடி சோர,
சுருதி சறுக்கும்.
பீப் என்று நிற்கவேண்டியது
கீச் என்று வழுக்கும்.
தீப்பெட்டிக்குள் போட்டு மூடினேன் அவனை.

பிப்ரவரி, விடுமுறை நாள், மைனஸ் இருபத்தேழு.
நாலரைக்கே இருட்டு.
சமையலறை ஜன்னலிலிருந்து பிர்ச் மரம்வரை ஒரு கம்பி,
பனி ஏறித் தொய்ந்து கிடக்கிறது.
அரை வாட்.
ஃப்ரிட்ஜுக்குள் எரிகிற பல்பு
இதைப்போல் முப்பது மடங்கு.
இதை வைத்துக்கொண்டுதான் வானத்தைத் தட்டினேன்:
யாராவது உண்டா, யாராவது உண்டா.
இத்தாலிக்காரன் ஒருவன்
லாரி போல மேலேறிப் போனான்.
அவனுக்கு நான் இருப்பதே தெரியாது.

ஐம்பதாவது நிமிடம்
என் அழைப்புக்குறி எனக்கே திரும்பி வந்தது,
பரோயே தீவின் கையெழுத்தில்.
யோக்வன், மீன்பிடிப் படகில் சமையல்.
மூன்று, மூன்று, ஒன்பது என்றான்.
பிறகு, தனியாக, ஓர் எழுத்து:
டா டி டா டி.

கீச்சுக்கென்றே ஓர் எழுத்து வைத்திருக்கிறோம் நாங்கள்.
குற்றம் சொல்லும் எழுத்து.
ஏப்பிரலில் வந்த அட்டையில், நீல மசியில்,
அதன் கீழே எழுதியிருந்தான்:
எல்லாரும் ஆணி அடித்தாற்போல் நேராக இருந்தார்கள்,
நீ மட்டும் சறுக்கினாய், அதனால்தான் நின்றேன்.

ஆனால் அட்டை வருமுன் மார்ச் வந்துவிட்டது.
தீயணைப்பு நிலையத்தின் கூடம், பட்டாணி சூப்,
நீள மேசையில் பதினேழு டப்பாக்கள்.
ஊர்போ பல்குச்சியால் தொட்டுத் தொட்டு எண்ணினான்.
பாகங்கள், சரி. தூரம், அபாரம்.
ஒலி, ஹெட்போனைக் காதில் வைத்ததுமே
முகம் எலுமிச்சை கடித்தது.
ஆறு மதிப்பெண் கழிவு.
எனக்கு நாலாமிடம்.
சூலோவின் கடுகுச் சாந்துக் குப்பி,
பதினோரே பாகம், கண்ணாடிபோல் ஒலி,
ஓவுலு வரைதான் எட்டியது, முதல் பரிசு.
பரிசு ஒரு மல்ட்டிமீட்டர்.
என்னுடையது உடைந்துதான் கிடக்கிறது.

வீட்டில் விதி ஒன்றும் கிடையாது.
அட்டை வந்த அன்று தீப்பெட்டியைத் திறந்து
பதின்மூன்றாமவனைப் பற்றவைத்தேன்.
சாவியை அழுத்திக் கேட்டேன்.
நேராக இருந்தது. சுத்தமாக இருந்தது.
யாருடையதாகவும் இருக்கலாம்.

கோலை மறுபடி சூடாக்கிப் பிடுங்கினேன்.
சமையலறை முழுக்க மீன் நாற்றம்.